குதிரைநிலை: ஒக்கினாவாக் கராத்தேயின் அடிப்படை நிலையொன்றும் அதன் சமூக வரலாறும்

நிற்பதற்கும் ஒரு கல்வி வேண்டும் என்பது கேட்போர்க்கு முதலில் வியப்பாக இருக்கலாம். குழந்தைப் பருவத்தில் எழுந்து நிற்கப் பழகியபின், அச்செயலைப் பற்றி நாம் சிந்திப்பதே இல்லை. நிற்றலை இயற்கையின் பாற்பட்டதாகவும், பேசுதல், எழுதுதல் முதலியவற்றைப் பண்பாட்டின் பாற்பட்டனவாகவும் கருதி அமைகின்றோம். இப்பிரிவினை அத்துணை உறுதியானதன்று. பிரெஞ்சுச் சமூகவியலாளரான மார்சல் மோஸ் 1934ஆம் ஆண்டில் ஆற்றிய விரிவுரையொன்றில், நடத்தல், நீந்துதல், குந்தியிருத்தல், உறங்குதல் ஆகிய யாவும் ஒவ்வொரு சமூகமும் தன் உறுப்பினர்க்குக் கற்பிக்கும் உடல் நுட்பங்களே என்று வாதிட்டார். முதலாம் உலகப் போரிலே பிரித்தானியப் படையினர் பிரெஞ்சு மண்வெட்டிகளைக் கொண்டு அகழியறியாதவராய் இருந்தமையால், ஒரு படைப்பிரிவின் இடத்துக்கு மற்றையது வந்தபொழுது 8,000 மண்வெட்டிகளை மாற்றவேண்டி நேர்ந்ததை அவர் எடுத்துக்காட்டினார். கையுங் காலும் தோளும் ஒன்றாயிருந்தும், அவை கற்ற கல்வி வேறாயிருந்தது.

கராத்தே எனும் தற்காப்புக் கலையில் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் நிலைகளுள் ஒன்று குதிரைநிலையாகும். இந்நிலை யாது, அதனை உடல் எவ்வாறு கற்கின்றது, அக்கல்வி யாரால், எவருடைய தேவைக்காக ஒழுங்குபடுத்தப்பட்டது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதலிரண்டு வினாக்களும் பொறியியலையும் உடற்றொழிலியலையும் சார்ந்தவை. மூன்றாவது வினா வரலாற்றைச் சார்ந்தது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்து நோக்கினாலன்றி இந்நிலையின் முழுப்பொருளும் புலப்படாது.

நிலையின் அமைப்பு

யப்பானிய மொழியிற் 'கிபா-தாச்சி' என வழங்கும் இந்நிலை, குதிரைமீது அமர்ந்திருப்பவனின் கால்களை ஒத்திருப்பதாற் பெயர் பெற்றது. பயில்பவர் தோளகலத்தின் ஏறத்தாழ இருமடங்கு இடைவெளியிற் பாதங்களை வைத்து, அவற்றை ஒன்றுக்கொன்று சமாந்தரமாக முன்னோக்கி நிறுத்துகின்றார். முழங்கால்கள் மடிந்து, சற்று வெளிப்புறமாகத் தள்ளப்படுகின்றன. முதுகு நிமிர்ந்திருக்கும். உடலின் நிறை இரு கால்களிலும் சமமாகத் தங்கும். இதன் பழைய ஒக்கினாவா வடிவம் 'நைஹன்சி' நிலை எனப்படும். அது இதனினும் ஒடுங்கியது, உயர்ந்தது. அதிற் பாதங்களின் முனைகள் சிறிது உட்புறம் திரும்பியிருத்தல் வழக்கம். இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் பின்னர் விளக்கப்படும்.

இந்நிலை 'உறுதியானது' என்று கூறப்படுவதன் பொருளைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். நிற்கும் ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழிறங்கும் நிலைக்குத்துக் கோடு அதன் அடித்தளத்துள் விழும்வரை அப்பொருள் கவிழாது. அடித்தளம் அகன்றும், ஈர்ப்பு மையம் தாழ்ந்தும் இருப்பின் அதனைக் கவிழ்த்தல் கடினம். குதிரைநிலையிற் கால்கள் அகல்வதால் அடித்தளம் பக்கவாட்டில் நீள்கின்றது. முழங்கால் மடிவதால் ஈர்ப்பு மையமும் தாழ்கின்றது. ஆகவே வலமிருந்தோ இடமிருந்தோ தள்ளுபவனை இந்நிலை நன்கு எதிர்த்து நிற்கும். ஆனால் முன்பின்னாக நோக்கின் அடித்தளத்தின் நீளம் ஒரு பாதத்தின் நீளமே. நேர்முன்னிருந்து நெஞ்சிலே தள்ளினால், நன்கு பயின்றவரும் தடுமாறுவர். இந்நிலையை முதன்மையாகக் கொண்ட நைஹன்சி எனும் அசைவுத்தொடர் முழுவதும் ஒரே கோட்டிற் பக்கவாட்டாகவே நகர்கின்றது. நிலையின் வலிமை எத்திசையில் உள்ளதோ அத்திசையிலேயே அசைவும் அமைந்திருத்தல் கவனிக்கத்தக்கது. எத்திசையிலும் அசையாத நிலை என்று ஒன்று இல்லை. ஒன்றில் உறுதியைப் பெறுவதற்கு மற்றொன்றில் அதனை இழக்கவே வேண்டும்.

உடல் கற்கும் முறை

முதன்முறையாக இந்நிலையில் நிற்பவர் மிகவிரைவிலேயே தொடை நடுங்கத் தொடங்குவதை உணர்வர். இதன் காரணம் எளிது. முழங்கால் மடியமடிய, மேலுடலின் நிறை இறங்கும் கோடு முழங்கால் மூட்டிலிருந்து விலகிச் செல்கின்றது. நீண்ட கோலின் நுனியிற் பாரத்தைக் கட்டித் தூக்குவது போன்று, அவ்விலகல் கூடுந்தோறும் மூட்டை மடக்கும் விளைவும் கூடுகின்றது. அதனை எதிர்த்து நிற்பவை தொடையின் முன்புறத் தசைகளாகும். அவை நீளமோ குறுக்கமோ அடையாது இடைவிடாமல் இறுகியிருக்க வேண்டியுள்ளன. இவ்விறுக்கம் தசையினூடு செல்லும் குருதிக்குழாய்களை நெருக்குவதாற் குருதியோட்டம் குறைகின்றது; கழிவுப்பொருள்கள் தேங்க எரிவும் நடுக்கமும் தோன்றுகின்றன. வேதனையைப் பொறுப்பதற்காகப் பயில்பவர் தம்மையறியாமலே மூச்சை அடக்கிக்கொள்வர். இது குருதியழுத்தத்தைத் திடீரென உயர்த்துமாதலால், மூச்சைச் சீராக விடும்படி வற்புறுத்தும் ஆசிரியரே பொறுப்புள்ள ஆசிரியர் ஆவார்.

தொடக்க மாணவரிடம் பொதுவாகக் காணப்படும் குறைகள் மூன்று. முழங்கால்கள் உட்புறமாகச் சரிதல் முதலாவது. மூட்டின் உட்புறத் தசைநாண்களுக்கு இதனால் ஊறு நேரலாமாதலால் இதுவே ஆபத்தானது; முழங்கால் எப்போதும் பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே மடிதல் வேண்டும். மேலுடல் முன்னே சாய்ந்து, இடுப்புப் பின்தள்ளப்படுதல் இரண்டாவது. சிறிது நேரத்தில் உடல் மெல்ல உயர்ந்துவிடுதல் மூன்றாவது. இம்மூன்றாவது குறையைப் பயில்பவர் பெரும்பாலும் உணர்வதில்லை. தாம் தாழ்ந்தே நிற்பதாக அவர் நம்புவார். பக்கத்தில் நிற்பவர்க்கு உண்மை தெரியும். நம் உடலின் நிலைபற்றிய நம் அறிவு பயிற்சியில்லாதபோது எத்துணை நம்பத்தகாதது என்பதற்கு இது சான்றாகும்.

சில வாரப் பயிற்சியின் பின் நடுக்கம் குறைகின்றது. தசை பருத்துவிட்டதே இதன் காரணம் என எண்ணுதல் இயல்பு. ஆயின் தொடக்க வாரங்களில் வலிமை கூடுவது பெரும்பாலும் நரம்புத்தொகுதியின் மாற்றத்தாலேயே என்பது உடற்றொழிலியலாளர் கண்ட முடிபு. தேவையான தசையிழைகளை உரிய வேளையில் இயக்கவும், தேவையற்ற தசைகளை ஓய்வில் விடவும் நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. தொடை இறுகியிருக்கத் தோள் தளர்ந்திருத்தல் என்னும் முரண்பட்ட இரு செயல்களை ஒருங்கே நிகழ்த்துவதே இக்கல்வியின் சாரம். இதனை ஏட்டிலிருந்து கற்றல் அரிது. ஆசிரியர் தம் உள்ளங்கையால் மாணவனின் இடுப்பைச் சற்றே உள்ளே தள்ளி, தோளை அழுத்தித் தாழ்த்தி, முழங்காலை வெளியே திருப்பும்பொழுது, நூறு சொற்கள் உணர்த்தாததை அத்தொடுகை உணர்த்திவிடும்.

இத்தகைய கல்விக்குக் காலம் வேண்டும். நவீன கராத்தேயின் முன்னோடிகளுள் ஒருவரான புனாகோஷி கிச்சின் (1868-1957), தமது இளமையில் நைஹன்சித் தொடர்கள் மூன்றையும் கற்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றதாகத் தம் தன்வரலாற்றிற் குறிப்பிடுகின்றார். ஆசிரியரின் வீட்டு முற்றத்தில், இரவு வேளையில், தனித்தனியாகவே அப்பயிற்சி நிகழ்ந்தது. அந்த முற்றத்திலிருந்து இந்நிலை பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்த வரலாற்றை இனி நோக்குவோம்.

தோற்றம் பற்றிய இரு கதைகள்

அவ்வரலாற்றை மறைத்து நிற்கும் கதைகள் இரண்டு உள. ஒன்று, போதிதருமர் சீனத்துச் சாவோலின் மடத்திலே போர்க்கலையைக் கற்பித்தார் என்பது. இக்கதை தமிழரிடையே பெருஞ்செல்வாக்குடையது. அவரைப் பல்லவ இளவரசராகக் காட்டிய 'ஏழாம் அறிவு' என்னும் திரைப்படம் (2011) அதனை மேலும் பரப்பியது. ஆயின் அவர் பெயரோடு உடற்பயிற்சியை இணைக்கும் 'யிச்சின் சிங்' என்னும் நூல் பதினேழாம் நூற்றாண்டின் ஆக்கம் என்பதும், தன்னைப் பழமையானதாகக் காட்டும் அதன் முன்னுரை போலியானது என்பதும் சீன ஆய்வாளரால் நிறுவப்பட்டுள்ளன. போதிதருமர் வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்கும் அந்நூலுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. கராத்தேயைப் பள்ளிகளிற் புகுத்திய இத்தோசு அங்கோ (1831-1915) தாமே, இக்கலை பௌத்தத்திலிருந்தோ கொன்பூசியத்திலிருந்தோ தோன்றியதன்று என எழுதிவைத்துள்ளார். நம் பெருமைக்கு உகந்தது என்பதனால் ஒரு கதை வரலாறு ஆகிவிடாது.

மற்றைய கதை முற்போக்காளரைக் கவர்வது. ஆயுதம் பறிக்கப்பட்ட ஒக்கினாவா உழவர், யப்பானியச் சாமுராய்களை எதிர்ப்பதற்காக வெறுங்கைப் போரை உருவாக்கினர் என அது கூறும். ஒக்கினாவாவை உள்ளடக்கிய இரியூக்கியூ இராச்சியத்தை 1609இல் சட்சுமாப் பிரபுக்கள் படையெடுத்து அடிப்படுத்தினர் என்பது உண்மையே. ஆனால் கராத்தேயின் பெயர் தெரிந்த பழைய ஆசான்களுட் பெரும்பாலோர் உழவரல்லர். அரசசேவையிலிருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மத்சுமுரா சோக்கோன் மன்னரின் மெய்க்காவலர். அவருடைய மாணவரான இத்தோசு அரண்மனை எழுதுவினைஞர். சீனத்தோடு அவ்விராச்சியம் கொண்டிருந்த நீண்டகாலத் திறை வணிகத் தொடர்பின் வழியே தென்சீனப் போர்முறைகள் இக்குடும்பங்களை எட்டின. கராத்தே என்னும் பெயர் தொடக்கத்திற் 'சீனக் கை' என்னும் பொருளையே தந்தது. உழைக்கும் மக்களின் படைப்பாற்றலைப் போற்றுவது வேறு. ஆளும் வகுப்பினரைச் சார்ந்து வளர்ந்த ஒரு கலையை அவர்தம் கலையென மாற்றிக் கூறுவது வேறு.

பள்ளிக்கூடத்துட் புகுதல்

1879இல் யப்பானிய அரசு இரியூக்கியூ மன்னரை நீக்கி, அந்நாட்டை ஒக்கினாவா மாகாணமாகத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அரசசேவைக் குடும்பங்களுட் பல வறுமையுற்றன. மொழியும் உடையும் முடியும்கூட அரசின் கவனத்துக்குரியனவாயின. மருத்துவப் பள்ளியிற் சேரவிருந்த புனாகோஷி, குடுமி வைத்திருப்போர்க்கு அங்கு இடமில்லை என்னும் விதியாலும், குடுமியை அறுக்கக் குடும்பத்தார் இசையாமையாலும் அவ்வாய்ப்பை இழந்தார். பின்னர் ஆசிரியத் தொழிலை ஏற்கும்பொருட்டு அதனை அறுத்துக்கொண்டார். பள்ளிகளிற் தாய்மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்திலே தண்டனைப் பலகை தொங்கவிடப்பட்ட காலமும் வந்தது. 1898இல் கட்டாய இராணுவ சேவை ஒக்கினாவாவுக்கும் விரிக்கப்பட்டது.

இச்சூழலிலேதான் 1901இல் இத்தோசு சூரி நகரத்து ஆரம்பப் பள்ளியிற் கராத்தேயைக் கற்பிக்கத் தொடங்கினார். 1905 முதல் மாகாணத்தின் முதலாம் மத்திய பள்ளியிலும் அது கற்பிக்கப்பட்டது. 1908இல் அவர் எழுதிய பத்து அம்சக் கடிதம் இவ்வரலாற்றின் தலையாய ஆவணம். முதுகை நிமிர்த்தி, தோளைத் தாழ்த்தி, கால்களில் வலிமையை ஊன்றி, அடிவயிற்றில் ஆற்றலை நிறுத்தி நிற்க வேண்டும் என அதில் அவர் கூறுவது, நாம் மேலே விளக்கிய நிலைபற்றிய கல்வியே. ஆயின் ஆரம்பப் பள்ளியிலிருந்தே இவ்வாறு உரமேற்றப்பட்ட உடல்கள் பிற்காலத்திற் படைச்சேவைக்கு மிகவும் பயன்படும் என்பதையும் அவர் அதே கடிதத்தில் வற்புறுத்துகின்றார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் கற்பித்தால் அங்கிருந்து நாடெங்கும் பரவும் என்ற திட்டமும் அதிலுண்டு. அக்கல்லூரியிற் கராத்தே கற்பித்த யபு கென்த்சு முன்னர் யப்பானியப் படையிற் பணியாற்றியவர்.

இத்தோசுவை வெறும் அரச ஊழியராகக் காணுதல் தவறாகும். அழிந்துகொண்டிருந்த தம் நாட்டுக் கலையொன்றை, வென்றவனின் பள்ளிக்கூடத்துள்ளேயே வைத்துக் காப்பாற்ற அவர் முயன்றார் எனலாம். அதற்கு அவர் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது. முற்றத்தில் ஒருவரையொருவர் தொட்டுக் கற்ற கல்வி, மைதானத்தில் வரிசையாக நின்று எண்ணுக்கேற்ப அசையும் கல்வியாயிற்று. ஐம்பது பேரின் இடுப்பை ஓர் ஆசிரியர் தொட்டுத் திருத்த முடியாது, கட்டளையே இடமுடியும். எதற்காக இவ்வசைவு என்னும் வினாவுக்கு அவ்வரிசையில் இடம் அருகியது. ஒரே வேளையில் ஒரே அளவிலே தாழ்தல் என்பதே திறமையின் அளவுகோலாகத் தொடங்கியது.

பெருநிலத்திற் பெற்ற மாற்றம்

1922இல் ரோக்கியோவில் நடைபெற்ற உடற்கல்விக் காட்சியிற் புனாகோஷி கராத்தேயை அறிமுகஞ் செய்தார். 1924இல் கெயோப் பல்கலைக்கழகத்தில் மாணவர் கழகம் அமைந்தது. யூடோவிலிருந்து வெள்ளுடையும் தரவரிசையும் கடன்பெறப்பட்டன. சீனத்தோடு பகைமை முற்றிய காலத்திற் 'சீனக் கை' என்னும் எழுத்து நீக்கப்பட்டு 'வெறுங்கை' என்னும் எழுத்து நிலைபெற்றது. 1936இல் நாகாவிற் கூடிய ஒக்கினாவா ஆசான்களும் அதனை ஏற்றனர். நைஹன்சி என்னும் பெயரும் மாறியது. 1935இல் வெளிவந்த தமது நூலிற் புனாகோஷி அதற்குத் 'தெக்கி', அதாவது இரும்புக் குதிரை எனப் பெயரிட்டார்.

பெயரோடு நிலையும் மாறியது. புனாகோஷியின் 1925ஆம் ஆண்டு நூலிலுள்ள நிழற்படங்களில் அவர் உயர்ந்தும் ஒடுங்கியும் நிற்கின்றார். அவர் மரபில் வந்த பிற்காலத்தவரின் படங்களில் நிலைகள் நீண்டும் தாழ்ந்தும் உள்ளன. இம்மாற்றத்தில் அவருடைய மகன் யோஷித்தாக்காவுக்குப் பெரும்பங்கு உண்டு எனப்படுகின்றது. இளைஞர் நிறைந்த பல்கலைக்கழகக் கழகங்களில், தாழ்ந்து நிற்றல் மனவுறுதியின் அடையாளமாயிற்று. உறுதி கூடியது, விரைவாக நகரும் வசதி குறைந்தது, முழங்காலின் சுமையும் கூடியது. 'தொன்மையான குதிரைநிலை' என்று இன்று உலகெங்கும் மாணவர்க்குக் காட்டப்படுவது, அதன் இன்றைய ஆழத்திலும் அகலத்திலும், ஒரு நூற்றாண்டு வயதுகூட நிரம்பாதது.

1945

1938ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட நிழற்படமொன்று பலரும் அறிந்தது. சூரிக் கோட்டையின் முன்றலிலே மாணவர் வரிசை வரிசையாகக் கராத்தே பயில்கின்றனர். 1945 ஏப்பிரலில் அமெரிக்கப் படைகள் ஒக்கினாவாவில் இறங்கின. 'இரும்பும் குருதியும்' என்னும் பெயர்கொண்ட மாணவர் படையிற் பதினான்கு வயது தொடக்கம் உள்ள பள்ளிச் சிறுவர் சேர்க்கப்பட்டனர். இத்தோசு நாற்பது ஆண்டுகளுக்கு முன் கற்பித்த அதே முதலாம் மத்திய பள்ளியின் மாணவரும் அவர்களுள் இருந்தனர். அப்படையிற் சேர்க்கப்பட்டோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் மாண்டனர். ஒக்கினாவா மக்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் அப்போரில் அழிந்தனர். சூரிக் கோட்டையும் தரைமட்டமாயிற்று.

குதிரைநிலை அச்சிறுவரைக் கொன்றது என்று கூறுதல் பேதைமை. போரையும் கட்டாயச் சேவையையும் உருவாக்கியவை வேறு சக்திகள். ஆயினும், வினவாது நிற்கவும், வலியைக் காட்டாது பொறுக்கவும், வரிசை குலையாது கட்டளைக்கு அசையவும் அவ்வுடல்கள் ஏற்கெனவே கற்றிருந்தன என்பதை மறுத்தல் இயலாது. 1908ஆம் ஆண்டுக் கடிதம் வாக்களித்த பயன் அறுவடையான ஆண்டு 1945.

முடிவுரை

போரின் பின் அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த ஒக்கினாவா 1972இல் யப்பானிடம் திரும்பியது. அங்கு தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் பலர் கராத்தேயைக் கற்றுத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 2021இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக் விழாவிற் கத்தா எனப்படும் அசைவுத்தொடர்ப் போட்டியில் வென்ற கியுனா இரியோ, ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் ஒக்கினாவா வீரரானார். தாய்மொழிக்காகத் தண்டிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அக்கலை இன்று தம் மண்ணின் பெருமையாக விளங்குகின்றது. அப்பெருமை போலியானதன்று.

எனவே இந்நிலையை அடக்குமுறையின் கருவி என்று ஒதுக்குவதும், காலங்கடந்த ஞானம் என்று வழிபடுவதும் ஒருபாற் சாய்ந்த நோக்குகளே. ஒரே முழங்கால் மடிப்பு ஆசானின் முற்றத்தில் ஒரு பொருளையும், அரசின் மைதானத்தில் மற்றொரு பொருளையும் பெற்றது. அவ்வேறுபாட்டை உண்டாக்கியது தசையன்று, கற்பிக்கும் உறவே. இதிலிருந்து கற்பிப்போர்க்கு நடைமுறைப் பாடமொன்றும் கிடைக்கின்றது. மாணவனுக்கு இந்நிலையின் வலிமை எத்திசையில் உள்ளது, பலவீனம் எத்திசையில் உள்ளது என்பதைத் தள்ளிக் காட்டி விளக்கலாம். அவனவன் மூட்டின் அமைப்புக்கேற்ற ஆழத்தை அவனே கண்டறிய விடலாம். 'ஏன்' என்று கேட்பதையும் வலிக்கின்றது என்று சொல்வதையும் ஒழுங்கீனமாகக் கொள்ளாதிருக்கலாம். இவற்றால் நிலையின் உறுதி குறையாது. வரிசையின் ஒழுங்கு ஒருவேளை சற்றுக் குலையலாம். ஒக்கினாவாவின் வரலாற்றை அறிந்தோர் அதனைப் பெரிய இழப்பாகக் கருதார்.

உடலுக்குக் கற்பிக்கப்படும் எக்கல்வியையும் இவ்வாறே ஆராய இடமுண்டு. பள்ளிகளிற் பிள்ளைகள் காலைதோறும் வரிசையில் நிற்கின்றனர். நிமிர்ந்து நிற்குமாறு பணிக்கப்படுகின்றனர். அந்நிமிர்வு எவருடைய தேவைக்காக என்னும் வினாவைப் பாடவிதானம் பற்றிப் பேசுவோர் எழுப்புவது அரிது. மொழியும் வரலாறும் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பதில் நாம் காட்டும் விழிப்பு, நிற்றலும் நடத்தலும் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பதிலும் வேண்டற்பாலது.